பழைய கோம்பிக்குப் பெரிய என்ஜின்: கூடுதல் சூடு எந்த வழியாக வெளியே போகும்?

ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேன் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு மலைப்பாதையில் அந்த யோசனை வந்துவிடுகிறது. வண்டி அழகு, உள்ளே இடம் தாராளம், சத்தம்கூடப் பழகிவிடும். ஆனால் மேடு வந்ததும் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கி, பின்னால் லாரிகள் வரிசைகட்ட, ஊர்ந்துதான் ஏற வேண்டும். பெரிய என்ஜின் ஒன்று போட்டால் என்ன?

தாராளமாகப் போடலாம். பெரிய சிலிண்டர், இரட்டைக் கார்புரேட்டர், முழு என்ஜின் மாற்றம் என்று எல்லாவற்றுக்கும் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் கூடுதல் சக்தியோடு கூடுதல் சூடும் வரும். அது எந்த வழியாக வெளியே போகப்போகிறது என்பதற்கு முதலில் பதில் இருக்க வேண்டும். காற்றால் குளிரும் இந்த என்ஜின்கள் பெரும்பாலும் சூட்டால்தான் சாகின்றன. அதனால் என்ஜினை மாற்றும் பணத்தில் முதல் பங்கு, சூட்டை வெளியேற்றும் ஏற்பாட்டுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1950 மார்ச்சில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் இந்த வேன் உற்பத்திக்கு வந்தபோது, அதன் பின்புறம் இருந்தது பீட்டில் காரின் 1,131 சிசி என்ஜின்தான். 25 குதிரைத்திறன். 1954-ல் 1,192 சிசியும் 30 குதிரைத்திறனும் ஆனது. 1963 வாக்கில் 1,493 சிசியில் 42. முன்கண்ணாடி ஒரே வளைவாக மாறிய இரண்டாம் தலைமுறை, 1968 மாடலாக வந்தபோது 1,584 சிசியில் 47. 1971 மாடலில் சிலிண்டர்களின் நுனியை மூடும் ஒவ்வொரு ஹெட்டிலும் காற்று உள்ளே போக இரண்டு வழிகள் வைத்து 50 ஆக்கினார்கள். அதற்கு மேல் அந்தப் பழைய என்ஜினை இழுக்காமல், 1972 மாடலிலிருந்து டைப் 4 என்ற வேறொரு என்ஜினையும் கொடுத்தார்கள்: முதலில் 1,679 சிசி, பிறகு 1,795, கடைசியில் 1,970 சிசியில் 70 குதிரைத்திறன். ஆக, 26 ஆண்டுகளில் தொழிற்சாலையே 25-லிருந்து 70-க்குத்தான் வந்தது. சக்தியைக் கூட்டிய வழியில் ஃபேனையும் ஆயில் கூலரையும் காற்று நுழையும் ஜன்னல்களையும் அவர்கள் மாற்ற வேண்டியிருந்தது.

இதே என்ஜின் பீட்டிலில் இருந்தால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. சிறிய, எடை குறைந்த அந்தக் காரில் முழுச் சக்தி தேவைப்படுவது ஓவர்டேக் செய்யும் சில நொடிகளுக்குத்தான். வேனின் கதை வேறு. ஆரம்பகால மாதிரி வண்டியின் காற்று எதிர்ப்புக் குணகம் 0.75 என்று வந்து, பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, முகப்பை 'வி' வடிவில் மடித்து, 0.44-க்கு இறக்கினார்கள். அந்தக் காலத்துக்கு அது மிக நல்ல எண். ஆனாலும் காற்றைத் தள்ள வேண்டிய முகப்பின் பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர்.

இதை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போடலாம். ஆட்களோடு 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போக, காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் சேர்த்துச் சக்கரத்தில் சுமார் 17 கிலோவாட், அதாவது 23 குதிரைத்திறன் வேண்டும். 110-ல் போனால் அது 28 கிலோவாட், 38 குதிரைத்திறன். வேகம் கூடியது 20 கிலோமீட்டர்தான். தேவை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. கியர்பாக்ஸில் வீணாவதையும் கழித்தால், 50 குதிரைத்திறன் என்ஜினுக்கு 110 என்பது கிட்டத்தட்ட முழு மூச்சு. அதையும் அது மணிக்கணக்கில் செய்ய வேண்டும்.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இந்த என்ஜினில் வேலையாக மாறுகிறது. மீதி சூடு. அதில் ஒரு பெரும் பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். இன்னொரு பெரும் பகுதியை ஹெட்டிலும் சிலிண்டரிலும் உள்ள, சூட்டைக் காற்றுக்கு விடும் மெல்லிய உலோகச் செதில்களும் ஆயிலும்தான் வெளியேற்ற வேண்டும். மேலே சொன்ன 110 கிலோமீட்டர் ஓட்டத்தில் இந்தப் பகுதி மட்டும் 40 கிலோவாட்டை ஒட்டி வரும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டினால், பெரிய என்ஜின் சிறியதைவிட அதிகச் சூட்டை உண்டாக்காது; தேவைப்படும் சக்தி ஒன்றுதானே. ஆனால் பெரிய என்ஜின் போட்ட யாரும் பழைய வேகத்தில் ஓட்டுவதில்லை. 80-ல் ஏறிய மேட்டில் 100-ல் ஏறுவார்கள். ஃபேன் அதே ஃபேன், செதில்கள் அதே செதில்கள், சூடு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

காற்று போகும் பாதை

பஜாஜ் ஸ்கூட்டரின் என்ஜினைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஃப்ளைவீலில் ஒரு ஃபேன், அதைச் சுற்றி ஒரு கவசம், காற்று வேறு எங்கும் தப்பாமல் சிலிண்டர் செதில்களுக்குள் போகும்படி. கோம்பியில் அதுவே பெரிய அளவில், நான்கு சிலிண்டருக்குப் பகிர்ந்து கொடுக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. என்ஜினின் சுழலும் முக்கியத் தண்டான கிராங்கின் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. ஜெனரேட்டரின் மறுமுனையில் ஃபேன். அது கிராங்கைவிட வேகமாகச் சுற்றும்; முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் அரை கனமீட்டர் காற்றைத் தள்ளும். கவசத்துக்குள் இருக்கும் வளைந்த தகடுகள் அந்தக் காற்றை இடம் வலமாகப் பிரித்து அனுப்புகின்றன.

அந்தக் காற்று மேலிருந்து கீழே இறங்கி, செதில்களைக் கடந்து, வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. இங்கேதான் டின்கள் என்று சொல்லப்படும் இரும்புத் தகடுகளின் அருமை தெரியும். என்ஜினைச் சுற்றிலும் இருக்கும் இந்தத் தகடுகளும், அவற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் ஓடும் ரப்பர் பட்டையும் சேர்ந்து என்ஜின் அறையை இரண்டாகப் பிரிக்கின்றன. மேலே குளிர்ந்த காற்று, கீழே சைலன்சரும் சூடான காற்றும். அந்த ரப்பர் கிழிந்தாலோ, தகட்டில் ஒரு துளை மூடாமல் கிடந்தாலோ, கீழே போன சூடான காற்றை ஃபேன் மறுபடி மேலே இழுக்கும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது ஃபேனுக்குள் 60 டிகிரிக் காற்று போனால், எந்த ஆயில் கூலரும் அதைச் சரிக்கட்ட முடியாது. உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஹெட்டின் சூடும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும்.

பலமுறை கழற்றி மாட்டிய என்ஜின்களில் எப்போதும் ஏதாவது ஒரு தகடு காணாமல் போயிருக்கும். அதிகம் தொலைவது, சிலிண்டர்களுக்கு அடியில் ஜோடிக்கு ஒன்றாக மாட்டும் சின்ன வளைந்த தகடு. பார்த்தால் ஒன்றுமில்லாத துண்டு. ஆனால் மேலிருந்து வரும் காற்றைச் சிலிண்டரின் அடிப்பக்கத்தையும் ஒட்டிச் சுற்றவைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் சிலிண்டரின் மேற்பாதி குளிர்ந்தும் கீழ்ப்பாதி கொதித்தும் நிற்கும். வட்டம் வட்டமாக இருக்காது. குரோம் பூசிய பளபளப்பான டின்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல சரியாகப் பொருந்துவதில்லை. இடுக்குகள் வழியாகக் காற்று போய்விடும்.

புதிதாக வாங்கும் ஹெட்களிலும் ஒரு சிக்கல் உண்டு. வார்ப்பில் வழிந்த அலுமினியம் மெல்லிய தோலாகச் செதில்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டிருக்கும், குறிப்பாக ஸ்பார்க் பிளக்கைச் சுற்றி. நீளமான மெல்லிய அரத்தால் அதை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு இடுக்கும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. ஹெட் வாங்கிய காசில் பெரும் பலன் தருவது இந்த ஒரு மணி நேரம்தான்.

அடுத்தது மூன்றாம் சிலிண்டர். இடது பக்கம், வண்டியின் முன்பக்கத்தை நோக்கி இருப்பது. பழைய கவசத்தில் ஆயில் கூலர் சரியாக இதற்கு மேலே நின்றது. அதனால் மற்ற சிலிண்டர்களுக்குப் புதுக்காற்று கிடைக்க, இதற்கு மட்டும் கூலரைத் தாண்டிச் சூடாகிவிட்ட காற்று கிடைத்தது. இந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் தலை உடைந்து விழுந்து பிஸ்டனைக் குத்திய சம்பவங்கள் ஏராளம். தொழிற்சாலைக்கும் இது தெரியும். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சில டிகிரி தாமதமாக வரும்படி செய்திருந்தார்கள். 1971 மாடலில்தான் முறையான தீர்வு வந்தது. கூலரைக் கவசத்துக்கு வெளியே ஒரு தனிக் கூட்டுக்குள் தள்ளி, ஃபேனை அகலமாக்கி, கூலரைக் கடந்த காற்று சிலிண்டர் பக்கம் போகாமல் தனியாக வெளியேறும்படி செய்தார்கள். நாய்க்கூண்டு கவசம் என்று கோம்பிக்காரர்கள் சொல்வது இதைத்தான். அதற்கு முந்தைய வண்டி உங்களிடம் இருந்தால், பெரிய சிலிண்டருக்கு முன்னால் இந்தக் கவசத்துக்கு மாறுங்கள். மாறும்போது கூட்டிலிருந்து காற்று வெளியேறும் அந்தச் சின்னக் குழாய்த் தகட்டையும் மறக்காமல் மாட்டுங்கள். அதை விட்டால் ஆயிலின் சூடு முழுவதும் என்ஜின் அறைக்குள்ளேயே சுற்றும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது ஒரு பழைய பழக்கம். என்ஜின் சூடாகும்வரை காற்றை அடைத்து வைக்கும் மடிப்புக் கதவுகளை இது இயக்குகிறது. 65 முதல் 70 டிகிரியில் திறக்கும். அது பழுதானால் கதவுகள் திறந்த நிலைக்குத்தான் போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே இதனால் ஓவர்ஹீட் ஆகும் என்ற பயம் தேவையில்லை. கதவுகளைக் கழற்றினால் அவற்றோடு காற்றைத் திருப்பும் தகடுகளும் போய்விடும். அதுதான் நிஜமான நஷ்டம்.

சைலன்சர் மாற்றுபவர்களுக்கு ஒன்று. பழைய அமைப்பில் ஃபேன் காற்றின் ஒரு பகுதி, எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள வெப்பப் பெட்டிகள் வழியாக வண்டிக்குள் ஹீட்டராகப் போகும். ரேஸ் வகை எக்ஸாஸ்ட் போட்டு அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டால், கவசத்தில் அவற்றுக்கான இரண்டு வட்டத் துளைகளையும் அடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த ஓட்டைகளில் வீணாகும்.

எவ்வளவு பெரிதாக்கலாம்?

1,584 சிசி என்ஜினில் சிலிண்டர் விட்டம் 85.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 69. இதில் எளிதான மாற்றம் 87 மில்லிமீட்டர் சிலிண்டர். கிராங்கைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸை லேத்தில் கடைய வேண்டியதில்லை, அப்படியே இறங்கும், 1,641 சிசி கிடைக்கும். ஆனால் வெளி விட்டம் மாறாமல் உள் விட்டம் மட்டும் கூடுவதால் சிலிண்டரின் சுவர் மெலிந்துபோகிறது. 57 சிசிக்காக இதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். 88 மில்லிமீட்டர் வகை இன்னும் மோசம்; அந்த மெல்லிய சுவர் சூட்டில் வளைந்துபோகும் என்பது பெயர்பெற்ற விஷயம்.

கேஸையும் ஹெட்டையும் கடைந்து 90.5 மில்லிமீட்டர் போட்டால் 1,776 சிசி. சுவர் நல்ல தடிமன். வேனுக்கு என்னைக் கேட்டால் இதுதான் சரியான அளவு. 94 மில்லிமீட்டரில் 1,915 சிசி வரும், சுவரும் தடிமன்தான். ஆனால் ஹெட்டிலும் கேஸிலும் அவ்வளவு உலோகத்தை எடுத்த பிறகு, மிச்சம் இருப்பது நாள் முழுக்கச் சுமை இழுக்கும் வண்டிக்குப் போதுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். சூடு ஏறினால் அதன் வலிமை குறையும். ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்கள் புரியோடு பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் எந்த அளவைத் தேர்ந்தாலும், ஸ்டட் துளைகளில் எஃகுப் புரிகளைப் பதித்துவிடுவது கட்டாயம்.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை, கூட்டுவதில் அடக்கம் வேண்டும். வேனுக்கு 7.5-க்கும் 8-க்கும் இடையில் நிறுத்திக்கொள்வது நல்லது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் அப்படியே. 5,000 சுற்றில் சக்தி தரும் கேம் பீட்டிலுக்குச் சரி. வேனுக்கு 2,500 முதல் 3,500 சுற்றுக்குள் இழுவிசை வேண்டும், அங்கேதான் அது வாழ்நாளைக் கழிக்கிறது.

கியரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் சுற்றைக் குறைக்க நான்காவது கியரை நீளமாக்குகிறவர்கள் உண்டு. சத்தம் குறையும், ஆனால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். அதே நேரம் ஒவ்வொரு வெடிப்பிலும் சுமை கூடும். ஹெட் சூடு ஏறும். ஃபேனின் வேகத்தைக் குறைக்கும் சின்னக் கிராங்க் புல்லிகளும் இதே தப்பைத்தான் செய்கின்றன. மேட்டிலும் அப்படித்தான்: 6 சதவீத ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சக்கரத்தில் சுமார் 20 கிலோவாட் வேண்டும், சமதரையில் 90-ல் போவதைவிட அதிகம். அதை நான்காவது கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் ஃபேன் பாதி வேகத்தில் இருக்கும். மூன்றாவதுக்கு இறக்கி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டு ஏறினால், சத்தம் பயமுறுத்தினாலும் ஹெட் குளிர்ந்தே இருக்கும்.

ஆயில்

இந்த என்ஜினில் இருக்கும் ஆயில் வெறும் 2.5 லிட்டர். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பேப்பர் ஃபில்டரும் இல்லை, ஒரு கம்பி வலைதான். அதனால் முழு ஓட்ட ஃபில்டரும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும் அடிச்சட்டியும் நல்ல முதலீடு. வெளியே தனி ஆயில் கூலர் வைப்பதென்றால் அதற்கென்று ஒரு தெர்மோஸ்டாட் வால்வ் வேண்டும். வைக்கும் இடம் வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில், சொந்த மின்விசிறியோடு. என்ஜின் அறைக்குள் வைத்தால் அதன் சூட்டை ஃபேன் நேராகச் சிலிண்டருக்கு ஊதும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சூட்டைத் தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த என்ஜினில் அது எதிர்மாறாகவும் போகலாம். ஆயில் கெட்டியாக இருந்து அழுத்தம் அதிகமானால், ஒரு சின்னப் பிஸ்டன் கீழே இறங்கி, ஆயில் கூலருக்குப் போகாமல் குறுக்குவழியில் பேரிங்குகளுக்குப் போகும்படி வழி திறந்துவிடும். குளிர்காலத்தில் கூலர் வெடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலும் பெரிய ஆயில் பம்பும் சேர்ந்தால், கூலர் இருந்தும் பலனில்லாமல் போகும்.

மீட்டர்கள் இல்லாமல் இதில் எதையும் சரியாகச் செய்ய முடியாது. டாஷ்போர்டில் தொழிற்சாலை கொடுத்தது அழுத்தம் விழுந்தால் எரியும் ஒரு விளக்கு மட்டும். குறைந்தது இரண்டு மீட்டர் வேண்டும்: ஆயில் சூட்டுக்கு ஒன்று, மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கடியில் வளையமாக மாட்டும் ஹெட் சூட்டு மீட்டர் ஒன்று. ஹெட் நொடிகளில் ஏறி இறங்கும், ஆயில் பல நிமிடங்களில் நகரும். மேட்டில் கால் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வது முதல் மீட்டர் அல்ல, இரண்டாவதுதான். சமதரையில் ஹெட் 150 முதல் 200 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 230-ஐ நெருங்கினால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆயில் 80-க்கும் 110-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. 120-க்கு மேல் தொடர்ந்து நின்றால் எங்கோ தப்பு இருக்கிறது. 80-க்குக் கீழேயே எப்போதும் இருந்தாலும் அது பெருமைப்படும் விஷயமில்லை; ஆயிலில் சேரும் நீராவி வெளியேற அதற்கு நன்றாகச் சூடாகத்தான் வேண்டும்.

தீப்பொறியும் கலவையும்

சூட்டைத் துரத்திக்கொண்டு கூலர் மேல் கூலராக வாங்கியவர்களின் வண்டியில் கடைசியில் டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம், தப்பாக இருந்ததைப் பார்க்கலாம். 1,600 சிசி வகைக்கு, டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு 3,000 சுற்றுக்கு மேல் வைத்துப் பார்த்தால், தீப்பொறி முந்தி வரும் மொத்த அளவு 28 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஹெட் கொதிக்கும்; மிகவும் பின்தங்கினால் எரிதல் தாமதமாகி எக்ஸாஸ்ட் வால்வ் வேகும். வேக்குவம் இல்லாத 009 வகை டிஸ்ட்ரிபியூட்டரை மலிவு என்று பலர் மாட்டிவிட்டார்கள். பாதி ஆக்சிலேட்டரில் கலவை மெல்லியதாக இருக்கும், மெதுவாக எரியும், அதற்குச் சீக்கிரமே தீப்பொறி வேண்டும். அதைக் கொடுப்பதே வேக்குவம் பகுதியின் வேலை. மணிக்கணக்கில் பாதி ஆக்சிலேட்டரில் ஓடும் வேனுக்கு அது இல்லாமல் கூடாது.

எத்தனாலும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் பம்புகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பிரேசிலில் பல ஆண்டுகள் ஏறக்குறைய கால் பங்காக இருந்து, 2025-ல் 30 சதவீதமானது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்களோடு இருக்கும் கார்புரேட்டரில் கலவை 8 சதவீதம் போல மெலிந்துவிடும். மெலிந்த கலவை, அதிகச் சூடு. மெயின் ஜெட்டை ஓரிரண்டு அளவு பெரிதாக்கி, ஹெட் மீட்டரைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலான டேப்பெட் இடைவெளியையும் 0.15 மில்லிமீட்டருக்கு அடிக்கடி பார்த்து வையுங்கள். வால்வ் தன் சூட்டை ஹெட்டுக்குக் கைமாற்றுவது மூடியிருக்கும் நேரத்தில்தான். இடைவெளி சுருங்கினால் அந்த நேரமும் சுருங்கும்.

வேறு என்ஜினுக்கு மாறுவது

உங்கள் வண்டி 1972 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாக இருந்தால் டைப் 4 ஏற்கெனவே இருக்கலாம். சூட்டைப் பொறுத்தவரை அது ஒரு படி மேலே. கிராங்க் கேஸ் அலுமினியம், ஃபேன் நேராகக் கிராங்கிலேயே, பெல்ட் அறுந்தாலும் குளிர்ச்சி நிற்காது. முழு ஓட்ட ஃபில்டர் தொழிற்சாலையிலிருந்தே உண்டு, ஆயிலும் 3.5 லிட்டர். போர்ஷே 914 காரில் ஓடியது இதே குடும்பம். 96 மில்லிமீட்டர் சிலிண்டரில் 2,056 சிசி ஆக்குவது பலரும் செய்யும் வேலை. பலவீனம் ஹெட்டில்: அளவு மீறிச் சூடானால் எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் வளையமான சீட் கழன்று விழும். ஹெட் வேலை தெரிந்தவரிடம் புதுச் சீட்களைச் சரியான இறுக்கத்தில் பதித்து வாங்கினால் இந்த என்ஜின் வேனுக்கு மிகப் பொருத்தம். விலைதான் கூடுதல்.

தண்ணீருக்கு மாறுவது வேண்டாத வேலை என்று பேசும் காற்றுக்குளிர்ச்சிப் பிரியர்கள் பலர். தொழிற்சாலையே அந்தப் பக்கம்தான் போனது. 1979-ல் வந்த மூன்றாம் தலைமுறை வேன் காற்றுக்குளிர்ச்சியோடு தொடங்கி, 1983 மாடலில் தண்ணீரால் குளிரும் 1.9 லிட்டர் என்ஜினுக்கு மாறியது. ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால், நடுவில் வண்டியின் நீளம் முழுக்கக் குழாய்கள், 16 லிட்டருக்கு மேல் கூலண்ட். அந்த என்ஜினின் ஹெட்டுக்கும் தண்ணீர் உறைக்கும் நடுவில் இருந்த ரப்பர் கேஸ்கெட் அரிப்பால் ஒழுகிப் பெரும் தலைவலியானது. தென்னாப்பிரிக்காவில் அதே வேன் ஆடியின் ஐந்து சிலிண்டர் என்ஜினோடு 2002 வரை வந்தது. பிரேசிலில் இரண்டாம் தலைமுறை கோம்பி 2005 வரை காற்றுக்குளிர்ச்சியிலேயே ஓடி, பிறகு 1.4 லிட்டர் தண்ணீர் என்ஜினோடும் மூக்கில் ஒரு கறுப்பு ரேடியேட்டர் கிரில்லோடும் 2013 டிசம்பர் வரை தயாரானது.

மூன்றாம் தலைமுறை வேனில் சுபாருவின் 2.2 லிட்டர் என்ஜினைப் போடுவது உலகம் முழுக்கப் பரவிய மாற்றம். இதுவும் எதிரெதிர்ச் சிலிண்டர் என்ஜின் என்பதால் தட்டையாக அதே இடத்தில் உட்காரும்; ரேடியேட்டரும் குழாய்களும் ஏற்கெனவே வண்டியில் இருக்கின்றன. இணைப்புத் தகடு, குட்டையாக்கிய ஆயில் சட்டி, கூலண்ட் வழியைத் திருப்பும் மாற்று மேனிஃபோல்ட், வயரிங் என்று வேலை நீளும், ஆனால் பலன் நிச்சயம். சக்தி 130 குதிரைத்திறன் அளவுக்கு வருவதால், பழைய ரேடியேட்டரை அப்படியே நம்பாமல் புதிதாக வாங்க வேண்டும். குழாய்கள் நீளமானவை, உயரம் மாறி மாறிப் போகின்றன. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ரேடியேட்டரின் மேல் திருகைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்றாவிட்டால், எவ்வளவு நல்ல என்ஜினும் முதல் மேட்டிலேயே கொதிக்கும்.

முதல் இரண்டு தலைமுறை வண்டிகளில் இதைச் செய்ய நான் தயங்குவேன். ரேடியேட்டருக்கு அங்கே இயல்பான இடம் கிடையாது. அடியில் படுக்கவைத்தால் காற்று போதாது, முகத்தை வெட்டினால் வண்டி வண்டியாக இருக்காது. அந்தப் பணத்தில் நல்ல டைப் 4 கட்டிவிடலாம்.

எந்த என்ஜின் வைத்தாலும் சூட்டோடு சேர்ந்து வரும் ஆபத்து தீ. பெட்ரோல் டேங்க் என்ஜின் அறையை ஒட்டி, அதற்கு முன்னால் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஹோஸ் தகட்டுத் துளை வழியாக என்ஜின் அறைக்குள் நுழைகிறது. பழைய துணி சுற்றிய ஹோஸ் சூட்டில் காய்ந்தும் எத்தனாலில் ஊறியும் வெடிக்கும். சொலெக்ஸ் கார்புரேட்டரின் மூடியில் அழுத்திப் பதித்த பித்தளைக் குழாய், சூடாகிக் குளிர்ந்து தளர்ந்து, ஒருநாள் ஹோஸோடு கழன்றுவிடும். பம்ப் பெட்ரோலைச் சூடான என்ஜின்மேல் பீய்ச்சும். கேஸ் மெக்னீசியம் என்பதால் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது, இன்னும் கொழுந்துவிடும்.

அந்தப் பித்தளைக் குழாயை எடுத்துப் புரி வெட்டித் திருகும் குழாயாக மாற்றிவிடுங்கள். ஹோஸ் எல்லாவற்றையும் பெட்ரோல் ஹோஸ்களுக்கான ஜே30ஆர்9 தரத்துக்கு மாற்றி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெடிப்பு தெரிகிறதோ இல்லையோ புதிதாக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டரை என்ஜின் அறையிலிருந்து எடுத்து, தகட்டுக்கு அந்தப் பக்கம் கியர்பாக்ஸ் அருகே வையுங்கள். தீயணைப்பான் டிரைவர் சீட்டில் இருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எடுக்கும்போது என்ஜின் அறைக் கதவை முழுவதும் திறக்காமல், கொஞ்சமாகத் தூக்கி அந்த இடுக்கு வழியாக அடிக்க வேண்டும்.